பயிருக்கும் உயிர் உண்டு, பழி யாருக்கு?

உயிர்களுக்கு ஊறு செய்யாமை தலையாய அறம் என்பதை ஏதேனும் ஒரு வகையில் ஏற்காத சமயம் நம் நாட்டில் இல்லை. ஆயினும் அவ்வறத்தை எடுத்துரைப்போருக்கும் நாள்தோறும் சோறு வேண்டும். உடுக்க ஆடை வேண்டும். சோற்றை விளைவிப்பவர் உழவர்; ஆடையை நெய்பவர் நெசவாளர். மண்ணைக் கீறாமல் விளைச்சல் இல்லை. பஞ்சையோ பட்டுக் கூட்டையோ பறிக்காமல் நூல் இல்லை. ஆதலின் அகிம்சையைப் பற்றிய வழக்கு எங்கு எழுந்தாலும், அதில் முதற் பிரதிவாதியாக நிறுத்தப்படுபவர்கள் நம் சங்கங்களின் அங்கத்தினர்களே ஆவர். அவ்வழக்கை ஒரு முறை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது இவ்விதழின் நேயர்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

தாம்பரம் வட்டாரத்திலும் அதனை அடுத்த காஞ்சிபுரம் பகுதியிலும் சங்கக் கணக்குகளை ஆய்வு செய்து வரும் நம்மிடம் இரு வகைக் கேள்விகள் வருவதுண்டு. பட்டு நெய்யும் அங்கத்தினர், "எங்கள் தறியில் ஏறுவது புழுவின் உயிர் என்று சொல்லிச் சிலர் சேலையைத் தொடவும் கூசுகிறார்கள். பருத்தி நெய்பவர் புண்ணியவான், நான் பாவியா?" என்று கேட்கிறார். கீரை பயிரிடும் அங்கத்தினரோ, "ஆட்டை அறுத்தால் பாவம் என்கிறார்கள். நான் விடிந்தால் எத்தனையோ செடிகளை வேரோடு பிடுங்குகிறேன். அதற்கு மட்டும் கணக்கு இல்லையா?" என்கிறார். கேட்போர் சிரித்துக்கொண்டே கேட்டாலும் இவை விளையாட்டுக் கேள்விகள் அல்ல. தாம் செய்யும் தொழில் பழியுடையதோ என்ற ஐயம் உழைப்பவன் நெஞ்சில் புகுந்துவிட்டால், அவன் கைக்கு உறுதி குறையும்; பிள்ளையை அத்தொழிலில் விடவும் மனம் வராது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். செடிகொடிகளுக்கு உயிர் இல்லை என்று நம் முன்னோர் சொல்லவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுக்கிறது. புல்லும் மரமும் தொடு உணர்வு ஒன்றை மட்டும் உடைய ஓரறிவு உயிர்கள். நத்தை முதலியன ஈரறிவு உடையன. எறும்பு முதலியன மூவறிவு உடையன. நண்டும் தும்பியும் நாலறிவு உடையன. விலங்குகள் ஐயறிவு உடையன. மக்கள் ஆறறிவு உடையவர். சமணரும் புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டே உயிர்களை வரிசைப்படுத்தினர். மரம், செடிகளை ஒரு புலன் உயிர்களில் சேர்த்தனர். மனுஸ்மிருதியும் தாவரங்களுக்கு உள்ளுணர்வு உண்டு என்றும், அவை இன்பதுன்பம் அறியும் என்றும் கூறுகிறது. ஜகதீஸ் சந்திர போஸ் 1901ஆம் ஆண்டு இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தாவரங்கள் தூண்டலுக்குத் துலங்குவதைக் கருவிகள் கொண்டு காட்டியபோது மேனாட்டார் வியந்தனர். நம்மவருக்கு அது வழிவழி வந்த நம்பிக்கைக்குக் கிடைத்த சான்றாகவே தோன்றியது.

ஆகவே, பயிருக்கும் உயிர் உண்டு என்பதில் வழக்கு இல்லை. அவ்வுயிரை எடுக்கும் பழி யாரைச் சேரும் என்பதிலேதான் வழக்கு.

இதற்குப் பழைய துறவு நெறிகள் கண்ட விடையைக் கவனிக்க வேண்டும். பௌத்த பிக்கு மண்ணைத் தோண்டலாகாது. செடிகொடிகளை முறிக்கலாகாது என்பது விநய விதி. மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராகத் திரிந்து பசும்புல்லையும் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறை கூறியதாலேயே, அக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் வழக்கம் ஏற்பட்டது என்று விநய நூல் கூறும். விதையுள்ள கனியைப் பிக்கு உண்ண வேண்டுமாயின், இல்லறத்தான் ஒருவன் அதனைக் கத்தியாலோ நகத்தாலோ நெருப்பாலோ ஊறுபடுத்தி, ஏற்கத்தக்கதாக்கித் தரவேண்டும். சமணத் துறவியும் தாமே சமைப்பதில்லை. இல்லறத்தார் சமைத்ததையே ஏற்பர். சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் கவுந்தியடிகள், வழியில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கினால் அத்துன்பம் தாங்க முடியாதது என்று எச்சரிக்கிறார்.

இவற்றின் உயர்வை நாம் மறுக்கவில்லை. மிதிபடும் புல்லுக்கும் இரங்கும் நெஞ்சம் உலகில் எளிதில் காணக் கிடைப்பதன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலாது. துறவியின் கை தூய்மையாக இருக்க வேண்டுமானால், கனியை அறுக்க வேறொரு கை வேண்டும். நெல்லைக் குற்ற வேறொரு கை வேண்டும். ஏர் பிடிக்க வேறொரு கை வேண்டும். ஊறு மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. உண்பவர் தூயவராகவும் விளைவித்தவர் பழியுடையவராகவும் ஆயினர். மனுஸ்மிருதி இதனை வெளிப்படையாகவே கூறிவிட்டது. இரும்பு முனை பொருந்திய கலப்பை மண்ணையும் மண்ணில் வாழும் உயிர்களையும் புண்படுத்துகிறது. ஆதலின் உழவு சான்றோரால் பழிக்கப்படும் தொழில் என்பது அதன் கூற்று. அப்படிப் பழித்த சான்றோர் அன்று மாலை எதை உண்டார்கள் என்று அந்நூல் கூறவில்லை.

வள்ளுவர் சென்ற வழி வேறு. புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த அவரே, உழவுக்கும் தனி அதிகாரம் வகுத்து அதனை எல்லாத் தொழிலுக்கும் முன் வைத்தார். களை எடுத்தலை அவர் பாவமாகக் கருதவில்லை. கொடியோரை ஒறுத்து நல்லோரைக் காக்கும் அரசன் கடமைக்கே அதனை உவமையாக்கினார். கொல்லாமையைப் போற்றுவதும் உழவனைப் போற்றுவதும் ஒருவர்க்கே இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டுச் சமணரும் இதற்கு வாழும் சான்று ஆவர். நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் பல தலைமுறைகளாக நிலம் உழுது வாழ்ந்து வருகின்றனர். இரவில் உண்ணாமை போன்ற நோன்புகளைக் காக்கும் அவர்களுக்கு ஏர் விலக்கப்பட்ட கருவி அன்று. முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று என்பது அவர்கள் மரபு. சமண அறநூல்கள் இல்லறத்தானுக்கு ஊறுகளை நான்காகப் பிரித்தும் காட்டின. வேண்டுமென்றே கருதிச் செய்வது ஒன்று. வீட்டு வேலையில் நேர்வது ஒன்று. தொழிலில் நேர்வது ஒன்று. தற்காப்பில் நேர்வது ஒன்று. இவற்றுள் முதலாவதை அறவே விடவேண்டும். ஏனையவற்றை இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். வேட்டைக்காரனின் அம்பையும் உழவனின் கொழுவையும் ஒரே தராசில் இடாத நேர்மை இப்பகுப்பில் இருக்கிறது.

மகாபாரதத்து வனபருவத்தில் வரும் தருமவியாதன் இன்னும் ஒரு படி மேலே செல்கிறான். 'கொக்கென்று நினைத்தாயோ' என்ற பழமொழியால் நம்மவர் யாவரும் அறிந்த கதையோடு தொடர்புடையவன் அவன். கொக்கைப் பார்வையால் எரித்த அந்தணன், மிதிலையில் இறைச்சி விற்கும் அவனிடம் அறம் கேட்கச் சென்றான். அவன் சொன்னவற்றின் சாரம் இது: ஏர் உழும்போது மண்ணுள் வாழும் உயிர்கள் எத்தனையோ மடிகின்றன, நெல் முதலிய தானியங்களும் உயிருள்ளவையே, நடப்பவன் காலடியிலும் உயிர்கள் சாகின்றன, ஒருவருக்கும் ஊறு செய்யாமல் உலகில் வாழ்பவர் எவருமில்லை, முயன்று குறைத்துக்கொள்பவரே உண்டு. விற்பவனையும் விளைப்பவனையும் பார்த்து, 'நீ வேறு, நான் வேறு' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பதே அக்கதையின் உட்பொருள் என்று நாம் கொள்கிறோம்.

'அப்படியாயின் எல்லாம் ஒன்றுதானே? கீரையைப் பிடுங்குவதும் ஆட்டை அறுப்பதும் சமம்தானே?' என்று சிலர் இதிலிருந்து ஒரு குறுக்கு வழி தேடுவர். அதுவும் பொருந்தாது. முதலாவது, உயிர் உண்மை வேறு. துன்பம் உணரும் ஆற்றல் வேறு. கம்பளிப்புழு கடித்த இலையிலிருந்து ஒரு வகைக் கால்சியக் குறி சில நிமிடங்களுக்குள் மற்ற இலைகளுக்குப் பரவுவதை 2018ஆம் ஆண்டு ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் ஒளிரச் செய்து காட்டினர். ஆனால் செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. குறி பரவுவதை வலி என்று கொள்வதற்கு இதுவரை போதிய ஆதாரம் இல்லை என்பதே அறிவியலாளரிற் பெரும்பாலோர் கருத்து. விலங்குகளின் நிலை அவ்வாறன்று. 2022ஆம் ஆண்டு பிரிட்டன் இயற்றிய விலங்குநலச் சட்டம் நண்டு, இறால் இனங்களையும் உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. நண்டை நாலறிவு உயிர் என்று வைத்த தொல்காப்பிய வரிசை வெறும் கற்பனை அன்று என்பது இதனால் விளங்கும். இரண்டாவது, செடிக்காக இரங்குபவர் இறைச்சியை ஆதரிக்க வழியில்லை. ஆட்டை உண்பவர் அந்த ஆடு வாழ்நாளெல்லாம் மேய்ந்த புல்லையும் தழையையும் சேர்த்தே உண்கிறார். நாம் எவருடைய உணவையும் பழிக்க வரவில்லை. கணக்கு இவ்வாறு இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறோம்.

சரி, செடிகளைப் பொறுத்தவரை உழவனுக்கு வழிகாட்டும் அளவுகோல் ஏதேனும் உண்டா? உண்டு. அதனைத் தந்தவர் வடலூர் வள்ளலார். நீரின்றி வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியதாகப் பாடியவர் அவர். 1867ஆம் ஆண்டு அவர் தொடங்கிய தருமச்சாலையில் பசித்தோர்க்கு இன்றும் சோறு வழங்கப்படுகிறது. பயிருக்காக வாடிய அதே அருளாளர், அப்பயிரின் விளைவைக் கொண்டே பசியாற்றினார். இதில் முரண்பாடு இல்லையா என்ற கேள்வியை அவரே 'ஜீவகாருணிய ஒழுக்கம்' என்னும் நூலில் எழுப்பி விடையும் கூறியிருக்கிறார். தாவரங்களும் உயிர்களே, ஆயினும் அவற்றில் மனம் முதலிய கருவிகள் விரிவடையவில்லை, வித்து, காய், கனி, தழை ஆகியவற்றைக் கொள்வது நகத்தையும் மயிரையும் களைவது போன்றது, உயிர் இருக்கும் மூலத்தைக் கவர்வதன்று என்பது அவர் விடையின் கருத்து.

இந்த அளவுகோலை நம் வயல்களுக்கு நீட்டிப் பார்ப்போம். அரைக்கீரையை அறுத்தால் மீண்டும் தழைக்கிறது. முளைக்கீரையை வேரோடு பிடுங்குகிறோம். முருங்கையில் கிளையை ஒடித்தாலும் அடுத்த மாதமே துளிர்க்கிறது. நெல்லோ கதிர் முற்றியதும் தானே தன் வாழ்நாளை முடித்துக்கொள்ளும் பயிர். எனவே பயிர்த் தொழிலில் பெரும்பகுதி மூலத்தைக் கவர்வதன்று. முடிந்ததையோ மீண்டும் வருவதையோ எடுப்பதேயாகும். முளைக்கீரை போன்றவற்றில் உயிரை எடுத்தாலும், அதற்கு ஈடாக விதையை விதைத்து அவ்வினத்தை வாழ வைப்பவரும் உழவரே. சித்த மருத்துவ மரபில் மூலிகையைப் பறிக்கும் முன் அதற்குக் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி கூறி, பின்னரே பறிக்கும் வழக்கம் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. அங்கே மருந்து பெற வருவோர், தம் சூரணத்துக்குப் பின்னால் இப்படி ஒரு மன்னிப்புக் கேட்கும் மரபு இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளல் நலம். எடுக்காமல் இருக்க முடியாது. எடுப்பதை உணர்ந்து எடுக்க முடியும்.

இனி நெசவாளரின் கேள்விக்கு வருவோம். பட்டில் ஊறு இருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. கூட்டுக்குள் இருக்கும் புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் இழை அறுபடும். ஆதலின் அதற்கு முன்பே ஆவியாலோ வெப்பக் காற்றாலோ அதனைக் கொன்று, கூட்டை வெந்நீரில் இட்டு இழையை எடுக்கின்றனர். கூட்டின் தரத்துக்கேற்ப ஒரு கிலோ பட்டு நூலுக்குச் சில ஆயிரம் கூடுகள் செல்கின்றன. பட்டுக்குப் பெயர் பெற்ற காஞ்சியின் பெயரைத் தாங்கிய மடத்தின் தலைவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளே (1894–1994) இக்காரணத்தால் பட்டாடையைக் கைவிடுமாறு தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார்.

மாற்று வழி தேடியவரும் உளர். ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில் (1987–1992) அவர் துணைவியார் ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாமல் நெய்த பட்டுச் சேலை கிடைக்குமா என்று வினவினார். ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவுத் துறையில் பணியாற்றிய குசுமா ராஜையா அவ்வினாவைக் கைவிடாமல் பற்றிக்கொண்டு, பூச்சி வெளியேறிய கூடுகளிலிருந்து நூற்கும் 'அகிம்சைப் பட்டு' முறையை வளர்த்தார். அறுந்த இழையைப் பஞ்சு போல் நூற்க வேண்டியிருப்பதால் பளபளப்புக் குறைவு. உழைப்பும் விலையும் கூடுதல். வெளிவரும் பூச்சியோ பறக்கவும் மாட்டாது, உண்ணவும் மாட்டாது. முட்டையிட்டுச் சில நாட்களில் மடியும். அம்முட்டைகள் அனைத்தும் பொரிந்தால் அத்தனை புழுக்களுக்கும் மல்பெரி இலை கிடைப்பதில்லை. ஆதலின் இதுவும் முழு விடை அன்று. ஆயினும் நேர்மையான முயற்சி.

அவ்வாறாயின் பருத்தி தூயதா? பருத்தியைப் போல் பூச்சிமருந்தை வாங்கிக் குடிக்கும் பயிர் வேறு சிலவே உள்ளன. காய்ப்புழுவோடு அம்மருந்து நின்றுவிடுவதில்லை. தேனீயும் பொறிவண்டும் மண்ணிலுள்ள சிற்றுயிர்களும் சேர்ந்தே மடிகின்றன. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளித்த உழவரும் கூலியாட்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி மாண்டனர். ஆறறிவு உயிர்கள் மாண்டன என்பதைக் கவனிக்க. புழுவைக் கொன்ற பட்டு வேண்டாம் என்று பருத்தி உடுத்துவோர், அப்பருத்தி எவ்வாறு விளைந்தது என்றும் கேட்க வேண்டும். செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் குற்றமற்றதாகிவிடாது.

நம் வட்டாரத்திலேயே வழிகாட்டத்தக்க ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய அனகாபுத்தூர், பழைய நெசவூர். ஒரு காலத்தில் 'மதராஸ் கைக்குட்டை' என்று பெயர் பெற்ற கட்டம்போட்ட துணி இங்கிருந்து நைஜீரியா வரை சென்றது. அச்சந்தை சரிந்த பின் பல தறிகள் நின்றன. எஞ்சிய நெசவாளர் சிலர் சணல், வாழை, கற்றாழை முதலிய நார்களைப் பருத்தியோடும் பட்டோடும் கலந்து நெய்யப் பழகினர். இவற்றுள் வாழைநாரை மட்டும் எடுத்துக்கொள்வோம். வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். குலை வெட்டியபின் தாய்மரம் அழிவது இயற்கை. பக்கக்கன்று அதன் இடத்தைப் பெறும். வெட்டிப் போட்ட மரத்திலிருந்து நார் எடுத்தால் அதற்கென ஓர் உயிரும் புதிதாகப் போவதில்லை, குப்பையாகும் பொருள் உழவனுக்குக் காசாகிறது, நெசவாளனுக்கு இழையாகிறது. வள்ளலாரின் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான துணி காண்பது அரிது. ஆயினும் நாரைப் பிரித்து முடிந்து இழையாக்கும் வேலை மிகுதி. எனவே இத்துணி மலிவாகக் கிடைக்காது.

இங்கேதான் நாம் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம். ஊறு குறைந்த பொருளுக்கு உழைப்பு அதிகம்; ஆகவே விலை அதிகம். அவ்விலையைக் கொடுக்க மனமில்லாமல், விளைப்பவனிடமும் நெய்பவனிடமும் மட்டும் அகிம்சையை எதிர்பார்ப்பது, கனியைத் தான் அறுக்காமல் பிறரை அறுக்கச் சொன்ன பழைய ஏற்பாட்டின் புது வடிவமே ஆகும். கூட்டுறவில் ஒரு விதி உண்டு. இலாபத்தில் பங்கு பெறும் அங்கத்தினர் நட்டத்திலும் பங்கு ஏற்க வேண்டும். உயிர்க்கணக்குக்கும் இவ்விதியே பொருந்தும். சோற்றை உண்டவர் ஏரின் பழியிலும், சேலையை உடுத்தவர் தறியின் பழியிலும் பங்குடையர். பங்கு ஏற்கும்போது பழிப்பதற்கு வாய் எழாது. குறைப்பதற்கு வழி தேட மனம் எழும்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை சில உள. மருந்து விற்கும் விவசாயச் சங்கங்கள் அதனோடு முகமூடி, கையுறை, தெளிக்கும் முறை பற்றிய அறிவுரை ஆகியவற்றையும் சேர்த்தே வழங்க வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசலும் இனக்கவர்ச்சிப் பொறியும் மருந்துப் புட்டிக்கு முன் வரிசையில் இருக்க வேண்டும். பருத்தி வயலைச் சுற்றி ஆமணக்கு இட்டுப் புழுவை அதற்கு இழுக்கும் பழைய உத்தியை மறந்த இடங்களில் நினைவூட்ட வேண்டும். வாழை பயிரிடுவோர் சங்கமும் நெசவாளர் சங்கமும் நாருக்காக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். விற்பனை நிலையங்களில் ஒவ்வொரு சேலையும் எந்த இழையால், எவ்வாறு ஆனது என்று எழுதி வைக்கலாம். பட்டானால் பட்டு என்றும், அகிம்சைப் பட்டானால் அவ்வாறும், அதன் விலை ஏன் கூடுதல் என்றும் வாங்குவோர் அறியட்டும். அறிந்து தேர்ந்தவர் பின்னர் நெசவாளியைக் குறை கூறார்.

பட்டு நெய்யும் நண்பருக்கு நம் விடை இது: நீர் பாவியும் அல்லர், பருத்தி நெய்பவர் குற்றமற்றவரும் அல்லர், குறைக்க முயல்பவர் எவரோ அவரே மேலானவர், அவர் எந்த இழையை நெய்தாலும் சரி. கீரை பயிரிடும் நண்பருக்கு நம் விடை: கணக்கு உண்டு, ஆனால் அது உம் பெயரில் மட்டும் எழுதப்படும் கணக்கு அன்று. இலையில் கீரை பரிமாறப்பட்ட ஒவ்வொருவர் பெயரிலும் அதில் ஒரு பற்று இருக்கிறது.